ழகரம் சொல்ல முடியாத நாட்கள்

ழகரத்தை ஒலிப்பதற்கு நாவின் நுனி மேலே எழுந்து, அண்ணத்தை நெருங்கி, பின்புறமாக வளைய வேண்டும். அப்படி வளையும்போது நாவின் அடிப்பகுதி முழுவதும் இழுபடுகிறது என்பதை, இருபது ஆண்டுகளாகத் தமிழாசிரியையாக இருந்தும், அந்த இடத்தில் ஒரு புண் வந்த பிறகுதான் உணர்ந்தேன். 2022 ஜூலையில் ஒருநாள் ஏழாம் வகுப்பில் சொல்வதை எழுதும் பயிற்சி நடத்தினேன். மழை, கழனி, உழவு, பழமை என்று நான் சொல்ல நினைத்தவை எல்லாம், நாவை அந்த அளவுக்கு வளைக்க அஞ்சியதால், ளகரமாகவே வெளிவந்தன. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. காதில் விழுந்ததை எழுதினார்கள். திருத்த எடுத்த ஏடுகளில் பாதிக்கு மேல் உழவு உளவாகியிருந்தது. யாருக்கும் மதிப்பெண் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் புண் எனக்குப் புதிதன்று. சிறுவயது முதலே ஆண்டுக்கு ஓரிரு முறை வந்து போகும். என் அம்மாவுக்கும் அப்படியே. ஆனால் 2021 தொடங்கி அது மாதம் தவறாமல் வரலாயிற்று. கீழுதட்டின் உட்புறம் ஒன்று ஆறிக்கொண்டிருக்கும்போதே கன்னத்தில் இன்னொன்று முளைக்கும். நான் மருத்துவர் அல்லேன். இரண்டு ஆண்டுக்காலம் வீட்டு மருந்திலும் கடை மருந்திலும் அலைந்து, கடைசியில் தட்டில் எதை வைக்கிறோம் என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தவள் என்ற அளவில்தான் இதை எழுதுகிறேன்.

கைப்பேசி விளக்கை வாய்க்குள் அடித்துக் கண்ணாடியில் பார்த்தால் அந்தப் புண்ணின் உருவம் தெளிவாகத் தெரியும். உளுந்தம் பருப்பளவு வட்டம். நடுவில் பாலாடை போன்ற வெளிறிய மஞ்சள். சுற்றிலும் குங்குமத்தால் கோடிழுத்தாற்போல் சிவப்பு. தோன்றுவதற்கு முந்தின நாளே அந்த இடம் சுருசுருவென்று எரியும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இத்தகைய புண்கள் ஏழு முதல் பதினான்கு நாட்களில் தழும்பின்றி ஆறிவிடும். உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாவின் அடி போன்ற மென்மையான, அசையும் பகுதிகளில்தான் இவை பெரும்பாலும் வரும். எலும்போடு ஒட்டிய ஈறிலோ மேலண்ணத்திலோ சிறுசிறு கொப்புளங்களாகத் தொடங்கிப் புண்ணாவது பெரும்பாலும் ஹெர்பிஸ் என்னும் வைரஸ் தொற்று. அது பிறருக்குப் பரவும். நான் சொல்லும் இது பரவாது.

குமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் உள்ள எங்கள் வீட்டில் வாய்ப்புண்ணுக்கு ஒரே விளக்கம்தான் உண்டு. “மக்களே, ஒடம்புல சூடு கேறிக் கெடக்கு, எண்ணெ தேச்சுக் குளி” என்பாள் அம்மா. சூடு என்பது வெப்பமானியில் அளக்கக்கூடிய ஒன்றன்று என்று இளவயதில் அவளோடு வாதிட்டிருக்கிறேன். இப்போது வாதிடுவதில்லை. எதனால் சூடு ஏறுகிறது என்று அவள் அடுக்கும் காரணங்களைக் கேட்டால், தூக்கமின்மை, ஓயாத வேலை, மனக்கவலை, காரம், மாதவிலக்கை ஒட்டிய நாட்கள் என்று, மருத்துவர்கள் இந்தப் புண்ணைத் தூண்டுவனவாகச் சொல்லும் பட்டியலில் பெரும்பகுதி வந்துவிடுகிறது. விளக்கம் வேறு, கவனிப்பு ஒன்றுதான்.

அவளுடைய முதல் மருந்து மிளகுதக்காளிக் கீரை. சென்னையில் மணத்தக்காளி என்று விற்பதுதான் இது. கீரையை ஆய்ந்து கழுவி, சிறுபயற்றம் பருப்பு முக்கால் வேக்காடு வந்ததும் அதில் சேர்த்து, நான்கு சிறிய உள்ளியும் (சின்ன வெங்காயம்) சீரகமும் தட்டிப் போட்டு, தேங்காயின் இரண்டாம் பாலில் வேகவிட வேண்டும். இறக்கி வைத்த பிறகே முதல் பாலை ஊற்ற வேண்டும். அடுப்பில் இருக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். மிளகாயும் புளியும் கூடாது. ஆறவைத்து வெதுவெதுப்பாகக் குழைந்த சோற்றில் பிசைந்து உண்டால், மூன்று நாட்களாகச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து அஞ்சியவருக்கு அது பெரிய ஆறுதல். தேங்காய்ப்பாலின் கொழுப்பு புண்ணின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து சற்று நேரம் எரிச்சலைத் தடுக்கிறது. கீரையில் ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்து இருக்கிறது. ஆனால் அது நீரில் கரைவது, நெடுநேரம் கொதித்தால் அழிவது. ஆகவே வெந்த நீரை வடித்துக் கொட்டும் வழக்கம் இந்தக் கீரைக்கு ஆகாது. கீரை கிடைக்காத நாளில் முதல் பாலை மட்டும் இரண்டு வாய் எடுத்து, ஐந்து நிமிடம் வாயில் வைத்திருந்து விழுங்குவேன்.

அடுத்தது தேன். 1920களில் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் ஸ்பென்சர் ஹேட்ச் மார்த்தாண்டத்தில் தொடங்கிய கிராம மறுசீரமைப்புப் பணியில் தேனீ வளர்ப்பும் ஒன்று. அதனால் எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒரு புட்டித் தேன் இருப்பது வியப்பன்று. இங்கே கிடைக்கும் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று. ரப்பர் மரத்தின் இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து தேனீக்கள் சேர்ப்பது. உணவுக்குப் பின் வாயைக் கொப்பளித்துவிட்டு, சுத்தமான விரலால் ஒரு துளி தொட்டு, நாளுக்கு நான்கு முறை புண்ணில் வைப்பேன். முதல் அரை நிமிடம் சுள்ளென்று எரியும்; பிறகு அடங்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தேனை வாயில் தடவக் கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரி அந்த வயதில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் சேர்ந்த திரிபலாவைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொப்பளிப்பதும், மாசிக்காயை உரைத்துத் தடவுவதும் துவர்ப்பினால் வேலை செய்பவை. அந்தத் துவர்ப்பு புண்ணின் மேற்பரப்பைச் சற்று இறுக்குகிறது. அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வது எனக்கு இதமாக இருந்தது. ஆனால் இரத்த அழுத்தம் உள்ள என் சித்திக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொடர்ந்து விழுங்கினால் அது அழுத்தத்தை ஏற்றும், உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். எல்லாவற்றிலும் எளியது, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. பள்ளிக்கூடத்தில் வேறென்ன செய்ய முடியும்?

இயற்கையானது என்பதாலேயே எதையும் புண்ணில் வைத்துவிடலாம் என்று நினைத்து நான் பட்ட பாடு ஒன்றுண்டு. எங்கள் மலைகளில் விளையும் கன்னியாகுமரிக் கிராம்பு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. மாவட்டத்துக்குக் கிடைத்த அந்தப் பெருமை எனக்கும் உண்டு. கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால் என்னும் பொருள். அது நரம்பை மரத்துப்போகச் செய்யும். பல்வலிக்கு அது கேட்கிறதே என்று பஞ்சில் தோய்த்து உதட்டின் உட்புறப் புண்ணில் அழுத்தினேன். சில நிமிடம் வலி மறைந்தது உண்மை. மறுநாள் காலையில் புண்ணைச் சுற்றியிருந்த நல்ல தசையும் வெந்து வெள்ளையாகத் தொங்கியது. உளுந்தளவு இருந்தது மொச்சையளவு ஆயிற்று. படிகாரத்தைப் பொடித்து நேரே வைப்பதும் இதே வகைதான். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்பது ஆறப்போகும் தசையை மீண்டும் புண்ணாக்கும் நம்பிக்கை.

இவற்றில் நல்லவை எல்லாம் வந்த புண்ணுக்கு இதம் தருபவை. வராமல் தடுக்க அவற்றால் இயலவில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று. மருந்துக்கடையில் “பி காம்ப்ளக்ஸ் பத்து நாள் போடுங்க டீச்சர்” என்று ஒவ்வொரு முறையும் ஒரு அட்டையைக் கொடுப்பார்கள். பத்து நாள் சிறுநீர் மஞ்சளாகப் போகும். புண் தானாக ஆறுகின்ற காலமும் ஏறத்தாழ அதுவேயாதலால், மாத்திரைதான் ஆற்றியது என்று நான் நம்புவேன். அடுத்த மாதம் மீண்டும் ஒரு அட்டை.

2023 ஏப்ரலில், படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்பதற்காக நாகர்கோவிலில் ஒரு பொது மருத்துவரிடம் சென்றேன். வாய்ப்புண்ணைப் பற்றிப் போகிற போக்கில்தான் சொன்னேன். அவர் நாவை நீட்டச் சொல்லிப் பார்த்தார். அது வழக்கமான சொரசொரப்பு இல்லாமல் ஓரங்களில் வழுவழுப்பாகச் சிவந்திருப்பதைக் கண்ணாடியில் எனக்கே காட்டினார். பிறகு மூன்று நாள் சாப்பிட்டவற்றை எழுதித் தரச் சொன்னார். காலையில் புட்டும் பழமும் தேநீரும். நண்பகல் சோறு, தீயல் குழம்பு, பப்படம், உடனே ஒரு தேநீர். மாலையில் மறுபடியும் தேநீர். இரவில், பிற ஊர்களில் மரவள்ளி என்று சொல்லும் மரச்சீனிக் கிழங்கை அவித்ததும் காந்தாரி மிளகாய்ச் சட்னியும். தாளைப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “டீச்சர், மரச்சீனி இருக்கு, மீன் எங்கே?”

குமரி மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் அந்தக் கேள்வியின் பொருள் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிச் சாகுபடியை ஊக்குவித்தார். அது ஏழைகளின் பஞ்சம் தீர்த்த கிழங்கு. ஆனால் அது ஏறத்தாழ முழுவதும் மாவுச்சத்துதான். புரதம் மிகக் குறைவு. பி12 என்னும் உயிர்ச்சத்து அறவே இல்லை. அந்தக் குறையைச் சாளை (மத்தி) மீன்கறி நிரப்பியதால்தான் இந்த இரண்டும் எங்கள் ஊரில் இணைபிரியாமல் நின்றன. நான் அந்த இணையைப் பிரித்திருந்தேன். 2017-இல் டெங்கு பரவிய காலத்தில் என் மகன் மருத்துவமனையில் கிடந்தபோது, அவன் பிழைத்து வந்தால் மீனும் இறைச்சியும் தொடுவதில்லை என்று குமாரகோவில் முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். மகன் பிழைத்தான். நான் மீனை விட்டேன். முட்டையும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பால் என்பது தேநீரில் கலந்த அளவோடு சரி.

பி12 உயிர்ச்சத்தை உடல் கல்லீரலில் சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பதால், மீனை நிறுத்திய உடனே எதுவும் நேராது. 2017-இல் நிறுத்தியதன் விளைவு 2021-இல் தெரிந்தது என்பதாலேயே, இரண்டையும் தொடர்புபடுத்த எனக்குத் தோன்றவில்லை. வாயின் உட்புறத் தோல் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. புதிய செல்கள் உருவாக பி12, ஃபோலேட், இரும்பு ஆகிய மூன்றும் வேண்டும். இவை குறைந்தால் அந்தத் தோல் மெலிந்து, பல் பட்டாலும் முறுக்கு உரசினாலும் புண்ணாகிவிடுகிறது.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.6, பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9 மட்டுமே; பி12 அளவு 148 பிகோகிராம்; 200-க்குக் கீழே என்றால் குறைபாடு. மருத்துவர் சொன்னவற்றில் என்னை மிகவும் ஈர்த்தது வேறு ஒன்று. இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். பி12 குறைந்தால் பெருத்துப்போகும். இரண்டும் ஒருசேரக் குறைந்தால் சிறியதும் பெரியதும் கலந்து சராசரி அளவு சரியாகவே இருப்பதாகக் காட்டும். சாதாரண இரத்தப் பரிசோதனையில் அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்தவர் என்னிடம் குறை ஏதுமில்லை என்றே சொல்லியிருப்பார். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியே விழுங்குவதும் இதுபோல ஏமாற்றக்கூடியது. இரத்தசோகை தேறியதுபோல் தோன்றும், பி12 இல்லாமல் நரம்புகள் கெடுவது மட்டும் உள்ளே தொடரும்.

நேர்ச்சையை முறிக்க எனக்கு மனமில்லை என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. தினமும் 1000 மைக்ரோகிராம் பி12 மாத்திரை எழுதினார். நமக்கு அன்றாடம் வேண்டியது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் கூடுதல்தானே என்று கேட்டதற்கு, இவ்வளவு பெரிய அளவில் குடல் தானாக உறிஞ்சிக்கொள்வது நூற்றில் ஒரு பங்குதான், அதுவே பத்து மைக்ரோகிராம் ஆகிவிடும் என்றார். இரும்பு மாத்திரை ஒன்றுவிட்டு ஒருநாள். உணவில் ஒரு முட்டையும் இரண்டு தம்ளர் பாலோ மோரோ சேர்ந்தால் ஏறத்தாழ இரண்டரை மைக்ரோகிராம் கிடைக்கும். மீன் உண்பவர்களுக்கு நூறு கிராம் சாளையே அதைப்போல் மூன்று மடங்கு தரும். நம் கடற்கரையில் பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கும் சிப்பி அதைவிடவும் மேல். கீரை, பயறு, பழங்கஞ்சி ஆகியவற்றை நம்பி பி12-ஐ எதிர்பார்ப்பது வீண். பழங்கஞ்சி எனக்குப் பிடித்த உணவு என்பது வேறு.

இரும்புக்கு முருங்கைக் கீரையும் சிறுபயறும் உளுந்தும் உதவின. ஆனால் உண்மையில் திருந்த வேண்டியிருந்தது என் தேநீர்தான். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்பைப் பிணைத்துக்கொண்டு குடலுக்குள் செல்ல விடுவதில்லை. கருப்பட்டிக் காப்பியும் இதில் தப்பாது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பது எல்லா மாத்திரைகளையும்விட எனக்குக் கடினமாக இருந்த விதி. நெல்லிக்காயும் எலுமிச்சையும் இரும்பு உறிஞ்சப்பட உதவும். ஆனால் புண் இருக்கும்போது அவற்றை வாயில் வைக்க முடியாது. ஆகவே புண்ணில்லாத நாட்களில்தான் அவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் இரண்டு மாதங்களில் எந்த மாற்றமும் இல்லை. மூன்றாம் மாதத்திலிருந்து இடைவெளி நீண்டது. 2024 முழுவதிலும் மூன்றே முறை வந்தது. இது என் ஒருத்தியின் கணக்கு. 2009-இல் இஸ்ரேலில் 58 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், இரவுதோறும் நாவின் அடியில் 1000 மைக்ரோகிராம் பி12 வைத்துக்கொண்டவர்களில் 74 விழுக்காட்டினர் ஆறாம் மாதத்தில் புண்ணின்றி இருந்தனர். மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களில் அது 32 விழுக்காடு. இரத்தத்தில் தொடக்க அளவு எதுவாக இருந்தாலும் பயன் உண்டு என்பது அந்த ஆய்வின் கருத்து. ஆனால் 2012-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், 160 பேர் ஓராண்டு முழுவதும் பங்கேற்றும், அன்றாடம் பல உயிர்ச்சத்துகள் கலந்த மாத்திரை எடுத்தவர்களுக்குப் புண் குறையவே இல்லை.

எங்கள் ஆசிரியர் அறையில் நடந்தது இரண்டாவதைப் போன்றது. என் அனுபவத்தைக் கேட்டுக் கணக்கு ஆசிரியர் மூன்று மாதம் பி12 விழுங்கினார், பயனில்லை. பரிசோதித்தபோது அவருக்குக் குறைபாடே இல்லை. கடைசியில் பல் மருத்துவர் கண்டது, உடைந்த கடைவாய்ப் பல்லின் கூரிய முனை ஒன்று. அதை உரசி மழுங்கச் செய்தார். நுரை பொங்குவதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இல்லாத பற்பசைக்கும் மாறச் சொன்னார். அந்தப் பொருள் வாயின் உட்புறத்தைக் காக்கும் வழவழப்பான படலத்தைக் கரைப்பதாகக் கருதப்படுகிறது. அது இல்லாத பற்பசையில் சிலருக்குப் புண்ணின் எண்ணிக்கை குறைந்ததாக ஆய்வுகள் உண்டு. அட்டைப்பெட்டியின் பின்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் தெரியும். உடற்கல்வி ஆசிரியருக்கோ சிகரெட்டை விட்ட மறுவாரமே வாயெல்லாம் புண். புகை வாயின் தோலைத் தடிக்கச் செய்வதால் புகைப்பவர்களுக்கு இந்தப் புண் குறைவு. விட்டவுடன் சில வாரங்கள் தலைகாட்டும். அதைக் காரணம் காட்டி அவர் மறுபடியும் பற்றவைக்கப் பார்த்தார். நாங்கள் விடவில்லை.

வீட்டு மருந்தை நம்பிக் காத்திருக்கக் கூடாத புண்ணும் உண்டு. பக்கத்து வீட்டுப் பாட்டா வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் ஓயாமல் மெல்லுபவர். கன்னத்தில் ஒரே இடத்தில் ஒரு புண், வலியே இல்லை. வலியில்லாததால் இரண்டு மாதம் தேன் தடவிக்கொண்டிருந்தார், அந்தத் தேனும் எங்கள் வீட்டிலிருந்து போனதுதான். தசையை எடுத்துச் சோதித்தபோது புற்றுநோய். அறுவை செய்து இப்போது நடமாடுகிறார். மூன்று வாரத்தில் ஆறாத ஒற்றைப் புண், ஓரம் தடித்துக் கெட்டியான புண், கழுத்தில் நெறி கட்டிய புண் ஆகியவற்றை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். பாக்கு மட்டுமே மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. வாய்ப்புண்ணோடு பிறப்புறுப்பிலும் புண், கண் சிவப்பு என்று சேர்ந்து வந்தால் அது பெசெட் நோயாக இருக்கலாம். 1937-இல் அதை விவரித்த துருக்கிய மருத்துவரின் பெயரால் வழங்குவது. தீராத வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு, காய்ச்சல் கூடினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீரிழிவுக்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், மீன் உண்டாலும்கூட, பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. அந்த மருந்து அதன் உறிஞ்சலைக் குறைக்கும்.

சென்ற மாதம் முறுக்கு தின்னும்போது கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டேன். இரண்டாம் நாள் பழைய மஞ்சள் வட்டம் எழுந்தது. சேதி கேட்டு அம்மா பேருந்தேறி, மடியில் ஒரு கட்டு மிளகுதக்காளியோடு வந்து சேர்ந்தாள். மாத்திரை, ஃபெரிட்டின், தேநீர் என்று நான் சொன்னவற்றை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சூடுதான் மக்களே” என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். இரண்டு தட்டுச் சோறு உண்டேன். அவள் உடனே போட்டுக் கொடுத்த தேநீரை மட்டும் மூடி வைத்து, ஒரு மணி நேரம் கழித்துச் சூடாக்கிக் குடித்தேன்.